அனுப்பப்பட்டது

சென்ற மாதம் நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை. 'உடம்புக்கு ஏதாவதா?' என்று நாலைந்து பேர் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நடந்ததை இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம் வரும். பயப்பட வேண்டாம், தபால் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரிந்த சமாசாரம்தான்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் 188 உறுப்பினர்கள். மாதம் ஒரு கூட்டம், வருஷத்துக்கு ஒரு சுற்றுலா, நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கச் சொல்லி ஒரு நினைவூட்டல், யாராவது தவறிவிட்டால் துக்கச் செய்தி. எங்கள் வயசில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். முன்பெல்லாம் ஆளுக்குப் பத்துப் பேர் என்று பிரித்துக்கொண்டு போன் செய்வோம். பிறகு வாட்ஸப் குழு வந்தது. ஒரு தேர்தல் சமயத்தில் இரண்டு பேர் அதில் வாய்ச்சண்டை போட்டு, அது சங்கத்தையே உடைக்கும்போல ஆனதால் குழுவை மூடிவிட்டோம்.

அப்போதுதான் என் பேரன், மகள் வயிற்றுப் பிள்ளை, சங்கத்துக்கு ஒரு இணையச் செயலி செய்து கொடுத்தான். செயலாளர் தன் போனிலிருந்தே உள்ளே போய் செய்தியைத் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். மின்னஞ்சல் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளின் முகவரி. பாதிப் பேருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேதி போய்விடும். பொத்தானை அழுத்தியதும் திரையில் பச்சை எழுத்தில் 'அனுப்பப்பட்டது' என்று வரும். அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. போன் பட்டியலை அலமாரியில் போட்டுவிட்டோம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் அண்ணன் தவறிவிட்டார். கூடப் பிறந்தவர் இல்லை. 1973-ல் நான் தபால் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். என்னைவிட நாலு வயசு மூத்தவர். அந்த வருஷத்திலிருந்து அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி எனக்கு அண்ணி.

செயலாளர் இரவு பத்து மணிக்குச் செய்தியை அனுப்பினார். 'நாளை மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம், கருவடிக்குப்பம்.' என் போனுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். தலைவர் வந்தார், செயலாளர் வந்தார், செயற்குழு உறுப்பினர்கள் இருவரும் வந்தார்கள். சங்கத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர். அதற்கு மேல் ஒருவர்கூட வரவில்லை.

முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர், ஆபீசில் யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல்காரனுக்குச் சொல்பவர், ஓய்வு பெற்ற பிறகும் எத்தனையோ பேருக்கு குடும்ப ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஐந்தே பேர். தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. 'மழையினால இருக்கும்' என்று தலைவர் முணுமுணுத்தார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மேல் வாசல் பக்கம் ஆள் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்ததை நான் கவனித்தேன். பாடையைத் தூக்கும் சமயத்தில் என்னிடம் மெதுவாக, "ஆபீஸ்காரங்க யாரும் வரலையே தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று இரவு முழுக்க எனக்குக் கோபம். மனுஷர்கள் இப்படியா மாறிப்போவார்கள்? திங்கட்கிழமை காலையில் லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு பழைய சிநேகிதருக்குப் போன் போட்டேன். அண்ணனுக்கு மிகவும் வேண்டியவர், இருவரும் ஒரே சைக்கிளில் ஆபீசுக்கு வந்த காலம் உண்டு. எடுத்த எடுப்பில், "ஏம்பா, ஒரு எட்டு வந்து பார்க்கக்கூடாதா? அவ்வளவு என்ன வேலை உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "யாரு? யாரச் சொல்ற?" என்றார். பெயரைச் சொன்னேன். "எப்போ?" என்று கேட்டார். அப்புறம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது பேருக்குப் போன் செய்தேன். ஒன்பது பேருக்கும் தெரியாது.

அன்று மாலை பெங்களூரில் இருக்கும் பேரனைப் பிடித்தேன். வேலை முடிந்து வந்து பேசினான். விஷயத்தைச் சொன்னதும், "தாத்தா, லாக் பாக்கலாம். நான் சொல்றபடி பண்ணுங்க" என்றான். லாக் என்பது செயலி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. எந்த நேரத்தில் என்ன செய்தது, என்ன நடந்தது என்று வரி வரியாக இருக்கும். அவன் சொன்னபடி அந்தக் கோப்பைத் திறந்தேன். சனிக்கிழமை இரவு பத்து மணி மூன்று நிமிஷத்திலிருந்து ஒரே வரி திரும்பத் திரும்ப. முன்னால் ஒரு உறுப்பினரின் முகவரி, பின்னால் '550 5.7.1 ரிலேயிங் டினைட்'. அதற்குக் கீழே அடுத்த முகவரி, அதே வாசகம். எண்ணிப் பார்த்தேன். 183 வரிகள். 188-ல் எங்கள் ஐந்து பேரைக் கழித்தால் 183.

ஆக, செய்தி யாருக்கும் போகவில்லை. போகவில்லை என்பதும் மறைவாக நடக்கவில்லை. மின்னஞ்சல் சர்வர் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக, காரணத்தோடு, எழுத்து மூலமாக மறுப்புச் சொல்லியிருக்கிறது. எங்கள் செயலிதான் அந்த 183 மறுப்பையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே பச்சை எழுத்தில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டியிருக்கிறது.

"ஏன்டா அப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். "ஆரம்பத்துல இங்கிலீஷ்ல எரர் வந்தப்போ செயலாளர் தாத்தா பயந்துபோய் ராத்திரி எனக்கு போன் பண்ணிட்டாரு. அதனால எரர் எல்லாம் லாக்ல மட்டும் போற மாதிரி மாத்திட்டேன். நீங்க எல்லாம் பயப்படக் கூடாதுன்னுதான், தாத்தா." அவன்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

ரிலே என்றால் என்ன, ஏன் மறுத்தது என்பதைச் சொல்கிறேன். இங்கே அண்ணனே வந்து விளக்குவார்.

எங்கள் தபால் பிரிவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வரவு, இன்னொன்று அனுப்புகை. வரவு ஜன்னலுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். உறைமேல் எங்கள் ஆபீசின் பெயர் இருந்தால் போதும், கொண்டு வந்தவர் யார் என்று கேட்காமல் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புவோம். அனுப்புகை அப்படி இல்லை. எங்கள் ஆபீசின் பிரிவுகளிலிருந்து வரும் கடிதத்தை மட்டும்தான் பதிவேட்டில் ஏற்றி, சர்வீஸ் ஸ்டாம்பு ஒட்டி, ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்துக்குக் கொடுத்தனுப்புவோம். ஒரு தடவை வேறொரு இலாகாவைச் சேர்ந்த ஒருவர் நாற்பது கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, 'இதையும் உங்கள் தபாலோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்' என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். பெரிய இடத்து மனுஷர். நான் புதுசு, கையை நீட்டிவிட்டேன். அண்ணன் எழுந்து வந்து, "சார், எங்களுக்கு வர்றத யார் கொடுத்தாலும் வாங்குவோம். எங்ககிட்டேர்ந்து போறது எங்களோடதா மட்டும்தான் இருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

மின்னஞ்சல் சர்வரின் சட்டமும் இதேதான். 'எங்கள் டொமைனுக்கு வரும் கடிதத்தை யார் கொடுத்தாலும் வாங்குவேன். வெளி முகவரிக்குப் போகும் கடிதத்தை, எனக்குத் தெரிந்தவர் கொடுத்தால் மட்டுமே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.' ஊர் பேர் தெரியாதவருக்காக அடுத்த ஊருக்குத் தபால் சுமப்பதுதான் ரிலே.

முன்பு இப்படி இல்லையாம். மின்னஞ்சல் அனுப்பும் விதிகளை ஜான் போஸ்டல் என்பவர் 1982-ல் எழுதி வைத்தார். எஸ்.எம்.டி.பி என்று பெயர். அப்போது அந்த வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளர்களுமாகக் கொஞ்சம் பேர்தான். யார் கடிதம் கொடுத்தாலும் அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அண்டை வீட்டு உபகாரம் மாதிரி. பிறகு 1990-களில் விளம்பரக்காரர்கள் புகுந்து, கேட்பாரற்ற சர்வர்களில் லட்சக்கணக்கில் குப்பைக் கடிதங்களைக் கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். ஆகவே, 'ரிலேயிங் டினைட்' என்று சொல்லும் சர்வர் பழுதான சர்வர் இல்லை. தன் கடமையைச் செய்கிற சர்வர்.

அப்படியானால் இதற்கு முன் எங்கள் செய்திகள் எப்படிப் போயின? இங்கேதான் என் பங்கு வருகிறது.

முதலில் எங்கள் செயலியும் சங்கத்தின் மின்னஞ்சல் பெட்டிகளும் ஒரே நிறுவனத்தில் இருந்தன. செயலி இருந்த கணினியின் ஐ.பி எண் மின்னஞ்சல் சர்வரின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. அதனால் கடவுச்சொல் கேட்காமலே வாங்கிக்கொண்டிருந்தது, ஆபீஸ் பியூன் முகம் தெரிந்தவன் என்பதால் கையெழுத்துக் கேட்காத மாதிரி. நான் சங்கத்தின் பொருளாளர். 'செயலியை வேறு இடத்தில் வைத்தால் மாதம் 350 ரூபாய் மிச்சம்' என்று செயற்குழுவில் நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். மின்னஞ்சல் பெட்டிகள் பழைய இடத்திலேயே இருக்கட்டும், செயலியை மட்டும் மாற்றலாம் என்று சொன்னதும் நான்தான். பேரன் ஒரு சனி ஞாயிறில் மாற்றிக் கொடுத்தான். புது இடம், புது ஐ.பி எண். மின்னஞ்சல் சர்வருக்கு இது முகம் தெரியாத ஆள்.

மாற்றியதும் அவன் கேட்டான்: "தாத்தா, ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பியிருக்கேன். வந்துச்சா?"

"வந்துடுச்சுடா" என்றேன். வந்ததுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அது வந்தது எந்த முகவரிக்கு? சங்கத்தின் டொமைனில் செயற்குழு ஐந்து பேருக்கும் ஒவ்வொரு முகவரி உண்டு. பொருளாளர் முகவரிக்கு வந்தது. அதாவது வரவு ஜன்னலில் கொடுக்கப்பட்ட கடிதம். அதை யார் கொடுத்தாலும் சர்வர் வாங்கும். அனுப்புகை வேலை செய்கிறதா என்பதை வரவு ஜன்னலில் நின்று சோதித்துவிட்டு, 'எல்லாம் சரி' என்று சான்று கொடுத்தது நான், முப்பத்தொன்பது வருஷ சர்வீஸ் போட்டவன்.

நடுவில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. அந்த மாதக் கூட்டத்துக்கு வழக்கமாக நாற்பது பேர் வரும் இடத்தில் பதினொரு பேர்தான் வந்தார்கள். தேதியைப் பழக்கத்தில் நினைவு வைத்திருந்தவர்கள். நாங்கள் மழையைக் குறை சொன்னோம்.

பேரன் அன்று இரவு எனக்கு ஒரு வேடிக்கை காட்டினான். செயலியை ஒதுக்கிவிட்டு, அது இருக்கும் புது கணினியிலிருந்தே சர்வரோடு நாமே கையால் தட்டச்சு செய்து பேசலாமாம். நான் தட்டினேன். சர்வர் முதலில் 220 என்று சொல்லி வரவேற்றது. நாம் 'ஹெலோ' சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு 'எல்' குறைச்சல், ஏனென்றால் ஆரம்பத்தில் வகுத்த கட்டளைகள் எல்லாம் நான்கே எழுத்து. பதிலுக்கு 250, சரி என்று அர்த்தம். அடுத்து 'மெயில் ஃப்ரம்', யார் அனுப்புவது. 250. அடுத்து 'ரெசிப்ட் டூ', யாருக்கு. என் சங்க முகவரியைக் கொடுத்தேன். 250. லாஸ்பேட்டை சிநேகிதரின் முகவரியைக் கொடுத்தேன். '550 5.7.1 ரிலேயிங் டினைட்.'

முதல் இலக்கத்தைப் பார்த்தாலே போதும் என்றான். 2 என்றால் சரி. 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியாது, இப்படியே திரும்ப வராதே. 4 வந்தால் காத்திருந்து மறுபடி அனுப்பலாம். 5 வந்தால் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் அதே பதில்தான். காரணத்தைத் திருத்த வேண்டும்.

திருத்தியதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

புது ஐ.பி எண்ணையும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டிருக்கலாம். பேரன் வேண்டாம் என்றான். நாளைக்கு மறுபடி இடம் மாறினால் மறுபடி இதே கதை. முகத்தைப் பார்த்து விடுவதைவிட அடையாள அட்டை காட்டிப் போவதுதான் முறை. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல் 25-ம் எண். கடிதம் கொடுக்க வரும் நம்மைப் போன்றவர்களுக்கு 1998-லேயே 587 என்று தனி வாசல் வைத்திருக்கிறார்கள். அங்கே பேச்சைப் பூட்டி ரகசியமாக்கிவிட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், வெளியூர்க் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளும். இதற்கென்றே 'அறிவிப்பு' என்று தனிப் பெட்டி ஒன்று திறந்தோம்.

இன்னொன்று. பல நிறுவனங்கள் தங்கள் இடத்திலிருந்து 25-ம் வாசலுக்கு யாரும் போகாதபடி அடைத்து வைத்திருப்பார்களாம். எங்கள் புது இடத்தில் அடைக்கவில்லை. அடைத்திருந்தால் அந்தச் சோதனைக் கடிதமே எனக்கு வந்திருக்காது, குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். நம் அதிர்ஷ்டம் அப்படி.

587-க்கு மாற்றியதும் '535' வந்தது. கடவுச்சொல் தப்பு. சரியாகத்தானே போட்டோம் என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். நான் வைத்த கடவுச்சொல்லின் நடுவில் # குறி. செயலியின் அமைப்புக் கோப்பில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதைக் குறிப்பு என்று ஒதுக்கிவிடுமாம். பாதிக் கடவுச்சொல்தான் போயிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் போட்டதும் கதவு திறந்தது.

அடுத்து '553'. அனுப்புநர் முகவரி இந்தக் கணக்குக்குச் சொந்தமில்லை என்றது. செயலி, அனுப்புநராகச் செயலாளரின் சொந்த மின்னஞ்சலைப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சங்கத்துக் கணக்கில் உள்ளே வந்து, வெளியார் முகவரியில் கையெழுத்துப் போட்டால் எப்படி விடும்?

இதைப் பேரன் விளக்க ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த மாசத்தில் முதல் தடவையாக. மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறதாம். ஒன்று உள்ளே கடிதத் தலைப்பில், படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது. இன்னொன்று வெளியே உறையின்மேல், சேராவிட்டால் திருப்பி அனுப்புவதற்கானது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். உறையின் முன்பக்கம் பெறுநர் மட்டும், அனுப்புநரைப் பின்பக்க மடிப்பில் எழுத வேண்டும், 'எக்ஸ்பெதித்தேர்' என்று போட்டு. எங்கள் வாத்தியார் அதை எழுத மறந்தால் விரல் முட்டியில் அடிப்பார். தபால் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய உறைகளைப் பார்த்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போது இங்கிலீஷ் சரியாக வராது. அவர்தான் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு ஆபீஸ் முகவரியாக எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஒரு மாதம் கழித்து, "தம்பி, அந்தப் பின்பக்க முகவரிய மட்டும் விடாத. தபால் திரும்பி வந்தா நம்மகிட்டயே நேரா வருது" என்றார். திரும்பி வந்த உறைகளை அவர் அலட்சியமாக விட்டதே இல்லை. ஒரு கட்டாகக் கட்டி, சிவப்பு மையில் காரணம் எழுதி, அன்றைக்கே அந்தந்தப் பிரிவு மேசையில் வைத்துவிடுவார். "அனுப்பினது நம்ம வேலையில பாதி. சேரலன்னா சேரலன்னு சொல்றது மீதி" என்பார்.

உறையிலும் தலைப்பிலும் 'அறிவிப்பு' முகவரியையே வைத்தோம். பதில் எழுதினால் செயலாளருக்குப் போகும்படி தனியாக ஒரு வரி சேர்த்தான். எங்கள் டொமைன் பெயரில் யார் கடிதம் அனுப்பலாம் என்ற பட்டியலும் பொது ஏட்டில் இருக்கிறது, எஸ்.பி.எஃப் என்கிறார்கள். அதில் பழைய மின்னஞ்சல் சர்வர் ஏற்கெனவே இருந்ததால் பிரச்சினை இல்லை. குறுக்கு வழியாகப் புது இடத்திலிருந்து நேரே அனுப்பியிருந்தால், பெரிய நிறுவனங்கள் குப்பைப் பெட்டியில் தள்ளியிருக்கும்.

பிறகு நான் கேட்டுக்கொண்ட ஒரு மாற்றம். "அந்தப் பச்சை எழுத்த எடுத்துடுடா" என்றேன். இப்போது திரையில் இரண்டு பட்டியல் வருகிறது. 'சர்வர் ஏற்றுக்கொண்டது', 'சர்வர் மறுத்தது' என்று, மறுத்ததற்குக் காரணம் தமிழில். இரண்டாவது பட்டியல் சிவப்பு மையில். சர்வர் ஏற்ற பிறகும் சில கடிதங்கள் அடுத்த ஊரில் சேராமல் திரும்பும். அவை 'அறிவிப்பு' பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டியைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பது என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

துக்கச் செய்தி என்றால் மின்னஞ்சல் மட்டும் போதாது என்றும் தீர்மானம் போட்டோம். அலமாரியிலிருந்து போன் பட்டியலை எடுத்தோம். மறுபடி ஆளுக்குப் பத்துப் பேர். அந்தக் காலத்தில் உள்ளூர்க் கடிதம் கொண்டுபோகும் பியூன் ஒரு நோட்டு வைத்திருப்பானே, வாங்கியவர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் கடிதம் சேர்ந்ததாகக் கணக்கு. அப்படி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்குச் சொன்னோம், யார் போனை எடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதுகிறோம்.

அந்த நோட்டின் முதல் பக்கம் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கான அழைப்பு. மின்னஞ்சலும் போனது, போனும் போனது. அன்றைக்கு அறுபதுக்கு மேல் வந்தார்கள். லாஸ்பேட்டை சிநேகிதர் முதல் நாள் இரவே வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார். இருவர் ஊன்றுகோலோடு வந்தார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணியிடம் போய் உட்கார்ந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். 350 ரூபாயையும் சொன்னேன், 'வந்துடுச்சு' என்று நான் சொன்னதையும் சொன்னேன். சர்வர், ரிலே எல்லாம் அவருக்கு எந்த அளவுக்குப் புரிந்ததோ தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவங்களுக்கெல்லாம் தெரியாதா?" என்றார்.

"தெரியாது அண்ணி. தெரிஞ்சிருந்தா வந்திருப்பாங்க."

"நான் என்னென்னவோ நெனச்சிட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு வந்தாங்க, சரி. ஆனா அவங்க யாரும் அவரு முகத்தப் பாக்கலையே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

உங்கள் சங்கத்திலோ, கோயில் கமிட்டியிலோ, பள்ளிக்கூடப் பழைய மாணவர் குழுவிலோ இப்படி ஒரு செயலி இருக்கலாம். இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் டொமைனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெளி முகவரிக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, அந்த ஆளிடம் போனில் 'வந்ததா' என்று கேளுங்கள். செயலியை இடம் மாற்றினால் மறுபடியும் கேளுங்கள். மறுப்பு வந்தால் அது திரையில் தெரிகிறதா என்று செய்து கொடுத்த பிள்ளையிடம் விசாரியுங்கள். நாம் பயப்படுவோம் என்று மறைத்து வைத்திருக்கப்போகிறார்கள். பயப்பட்டாலும் பரவாயில்லை, தெரிய வேண்டும்.

நம் சங்க உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால், முகவரியோ போன் எண்ணோ மாறியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நோட்டில் திருத்திக்கொள்கிறேன்.